மூப்பு வரிசை

கதிரேசன் தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, தப்பு தன்னுடையது போலத் தயங்கி நின்றார்.

"ஏனுங்க அம்மணி, எனக்குப் பென்சிலின் ஆகாதுன்னு போட்டிருக்குதுங்க. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

ஹரிதா கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்தாள். சூலூர்ப் பக்கத்து நூல் மில்லில் ஆட்களின் விவரங்களைப் பார்ப்பது அவள் வேலை. பெயர், பிரிவு, ஆகாத மருந்து என்று தனித்தனிக் கட்டங்களில் இருந்ததை ஒரே கட்டத்தில் சேர்க்க ஃபார்முலா போட்டு, அதையே அட்டையில் அச்சடித்திருந்தாள். ஃபார்முலாவில் குறையில்லை. சேர்ப்பதற்கு முன்னால் மேனேஜர் வரதராஜுலு வந்து, "லிஸ்ட்டுல மூத்தவங்க பேரு முன்னாடி வரோணும் கண்ணு. இல்லாட்டிச் சங்கடப்படுவாங்க" என்று சொல்லிப் போனார். இந்த ஊரில் மரியாதைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

அவள் பெயர்களை மட்டும் மூப்பு வரிசைக்கு மாற்றியிருக்கிறாள். மருந்துகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஃபார்முலா பாவம், பக்கத்தில் யார் இருந்தாலும் சேர்த்துவிட்டது.

பழைய ஃபைலைத் தேடிப் பார்த்தாள். பென்சிலின் ஆகாதவள் செவ்வந்தி.

சற்று முன்புதான் மிஷினில் கை சிக்கி மயங்கிய செவ்வந்தியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஹரிதா ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தாள். "சித்த இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டு போட்டார்கள். அந்தப் பாட்டைப் போட்டவன் நாசமாய்ப் போக. ஒருவழியாக நர்ஸ் வந்தாள்.

"மில்லு கேஸுங்களா? ஊசி போடப் போறாங்க. அட்டையிலதான் ஆகாத மருந்து ஒண்ணுமில்லைன்னு இருக்குதுங்களே?"

"அட்டை தப்பு! பென்சிலின் போட்டா செத்துருவா! ஓடு, போய் நிறுத்து!" முகம் தெரியாதவளை ஒருமையில் விரட்டினாள் ஹரிதா.

காலடிகள் ஓடின. யாரோ கத்தினார்கள். பிறகு மூச்சிரைப்பு.

"நிறுத்தியாச்சுங்க. ஊசி டாக்டர் கையிலதான் இருந்துச்சுங்க."

ஹரிதா வாய்விட்டு அழுதாள். அழுது முடிப்பதற்குள் ஷிப்ட் சங்கு ஊதியது. ஜன்னலுக்கு வெளியே மில்லே வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. எல்லார் கழுத்திலும் அட்டை.

படியில் விழுந்தடித்து இறங்கி ஓடினாள். கேட்டருகே, மில்லிலேயே மூத்தவரான பழனியாத்தாள் அட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"என்ர பேரைத்தான் மொதல்ல போட்டீங்களாமா அம்மணி? மகங்கிட்டக் காட்டோணும்."

ஹரிதா அந்த அட்டையைக் கழுத்திலிருந்து பிடுங்கிவிட்டு, அடுத்த கழுத்துக்குக் கையை நீட்டினாள்.