செரீனாவை எப்போது வெட்டலாம்

நாற்றுப் பண்ணைக்காரர் புதிதாக ஒரு ரோஜாவை உருவாக்கிவிட்டார். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பாலாடை நிறம். வெள்ளிக்கிழமை மலர்க் கண்காட்சிக்குள் அதற்குப் பெயர் வைத்தாக வேண்டும். வருடக்கணக்கில் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, காகிதப் பை மாட்டி, விதையெடுத்து முளைக்கவைத்த மனிதருக்கு இந்த ஒரு வேலைக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

காரணம் இருந்தது. முந்தைய ரோஜாவுக்குத் தன் அக்காவின் பெயரை வைத்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான அக்கா பூரித்துப்போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒருநாள் அவள் பண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து அவள் பெயரைச் சொல்லி, உடம்பெல்லாம் கரும்புள்ளி, வாசனையும் கிடையாது, பிடுங்கிப் போட்டுவிட்டேன், வேறு ஏதாவது கொடுங்கள் என்றார். வியாபார வாயல்லவா, வயதானால் அது அப்படித்தான் சார், அடித்தண்டு பருத்துவிடும், பூக்காது என்று தம்பி ஒத்து ஊதிவிட்டார். அக்கா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. மனைவி வாளி கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டு சிரித்ததை அவர் பார்த்தார்.

இந்தப் புது ரோஜாவோ மனைவி பிழைக்கவைத்தது. தேறாது என்று அவர் குப்பையில் எறிந்த நாற்றை எடுத்து, காது உடைந்த குவளையில் ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைத்து வளர்த்தவள் அவள். அதனால் பெயரும் அவளுடையதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். என் பெயர் எதற்கு, எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டே, பெயர் அட்டைக்குப் பச்சை எழுத்து எடுப்பாக இருக்குமா, நீலமா என்று அவளும் விசாரித்து வைத்தாள்.

பண்ணைக்காரர் மருந்துக் கடைக்காரரிடம் ஓடினார். அவர் லத்தீன் படித்தவர். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத பெண் பெயர் ஒன்று வேண்டும் என்று கேட்டதும், செரீனா என்றார் அவர். மேகமில்லாத வானத்தை லத்தீனில் அப்படிச் சொல்வார்களாம். பிறகு அலையடிக்காத கடலுக்கு ஆகி, அலட்டிக்கொள்ளாத மனிதர்களுக்கு ஆகி, ராஜாக்களுக்குப் பட்டமாகி, பெண் குழந்தைகளுக்கும் பெயராகிவிட்டது. இதைவைத்து ஒரு வீட்டிலும் சண்டை வராது என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, அவர் வந்து பெயரைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாருங்க அவ?”

“அது லத்தீன்மா. தெளிஞ்ச வானம்னு அர்த்தம்.”

“அர்த்தத்த யாரு கேட்டா? ஆளு யாருன்னு கேட்டேன்.”

மறுநாளிலிருந்து அவள் கண்ணில் செரீனாவாகவே பட்டது. தலையணை உறையில் செரீனா, முகப்பூச்சு டப்பாவில் செரீனா, ஆற்றைக் கடக்கிற படகின் மூக்கில் செரீனா. இதெல்லாம் போகட்டும். கடைத்தெருவின் மூலையில், பல் டாக்டரின் பெயர்ப் பலகையிலும் செரீனா. போன மாதம் பல்வலி, பல்வலி என்று இவர் அடிக்கடி போய்வந்தது எங்கே என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

உடனே அவளுக்கும் பல் வலித்தது.

டாக்டர் அம்மாவுக்கு எழுபது இருக்கும். நர்ஸை அதட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. வாயைத் திற, இன்னும் திற என்று போட்ட போட்டில் இவள் கேட்க வந்ததெல்லாம் தொண்டைக்குள் போய்விட்டது. வாய் கொப்பளிக்கிற இடைவெளியில் ஒருவழியாகப் பெயரைப் பற்றிக் கேட்டாள்.

“பொறந்தப்ப ஊரக் கூட்டுற மாதிரி கத்தினேனாம். இந்தப் பேர வச்சாலாவது அடங்குவேன்னு எங்கப்பா நெனச்சாரு. ஏமாந்தாரு. திற வாயை.”

கடைவாய்ப் பல் ஒன்று நிஜமாகவே சொத்தை. பிடுங்கி, பஞ்சை அடைத்து அனுப்பிவிட்டார்.

வீங்கின கன்னத்தோடு வந்து உட்கார்ந்தவளுக்குப் பேச முடியவில்லை. பண்ணைக்காரருக்கு இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு எப்போது வரும். பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உன் பேர வச்சா, நாளைக்கே எவனாவது வந்து, அவ ஒண்ணுத்துக்கும் ஆகல, பிடுங்கிப் போட்டுட்டேன்னு உன் பேரச் சொல்லிச் சொல்லுவான். நான் பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கணும். அக்காவுக்கு நின்னுட்டேன். உனக்கு என்னால நிக்க முடியாது.”

அவள் எழுந்து அட்டையை எடுத்து, பச்சை மையில், பட்டையாக, செரீனா என்று எழுதினாள்.

கண்காட்சியில் ரோஜாவுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அதன்பின் பண்ணையின் போனை அவளே எடுக்க ஆரம்பித்தாள். அதில் அவளுக்கு ஒரு தனி ருசி.

“செரீனாவா? முள்ளு ஜாஸ்திங்க, கையுறை போட்டுக்கோங்க. நாலு தூத்தல் விழுந்தா தலை தொங்கிடும். ரொம்ப ஆடிச்சுன்னா யோசிக்காம முழங்காலோட வெட்டி விட்டுடுங்க.”

மறுமுனை அதட்டியது.

“யார வெட்டச் சொல்றே?”

வாயைத் திற என்று அதட்டிய அதே குரல்தான். அவளுடைய நாக்கு தானாகப் பல் இல்லாத இடத்துக்குப் போனது. போனைப் பொத்திக்கொண்டு தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, உங்களுக்குத்தான் போன்.”