திராட்சைப் படம் போட்ட பாட்டில்

ஆடித் திருவிழாவில் முதல் காப்பு அப்பாசாமி குடும்பத்துக்குத்தான். காப்புக் கட்டுகிறவர் வீட்டில் சாராய வாடைகூட இருக்கக் கூடாது. அதைச் சொல்லித்தான் பங்காளி அருணகிரி மாரியம்மன் கோயில் வாசலில், வேங்கிக்கால் ஊரார் முன்னால் வாயைத் திறந்தான்.

"உங்க மருமக ஆசிரமத்தாண்ட வெள்ளைக்காரங்களுக்கு ஓட்டல் நடத்துது. சரி, பொழப்பு. வூட்டு அலமாரியில கறுப்பு பாட்டில் எதுக்கு? மேல திராட்சைப் படம். எம் பொண்டாட்டி கண்ணால பார்த்துட்டா. அத்தத் தூக்கிக் கடாசிட்டு வாங்க. இல்லன்னா காப்பை எங்க வூட்டுக்கு வுடுங்க."

அந்தப் பாட்டில் யாருக்காக வந்ததென்று மருமகள் எழிலரசிக்கும் மாமனாருக்கும் மட்டுமே தெரியும். கடாசிவிட்டால் வம்பு தீரும். பழி மட்டும் அவள் தலையில் நிற்கும்.

அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழிலு, அந்த பாட்டிலை எடுத்தாம்மா. ரெண்டு வெள்ளரிக்கா, தக்காளி, நம்ம மல்லாட்ட எண்ணெ."

"மாமா, வேணாம்..."

"எடுத்தான்றேன்ல."

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவந்து, கோயில் வாசலிலேயே அவள் காய்களை நறுக்கினாள். கடலை எண்ணெயையும் கறுப்புச் சாறையும் உப்பு, மிளகோடு ஒரு மூடி போட்ட பாட்டிலில் குலுக்கி மேலே ஊற்றினாள்.

"இதுக்குப் பேரு பல்சாமிக். திராட்சைச் சாறு புளிச்சுக் காடியானது. போதை கிடையாது" என்றாள் பூசாரியிடம். "ஊறுகாயைவிட உப்பு கம்மி. இனிப்பு கொஞ்சம் உண்டு, எண்ணெயும் சேருது. அதனால ரெண்டு ஸ்பூனுக்கு மேல ஊத்த மாட்டேன்."

"யாருக்கும்மா ஊத்துற?" என்றான் அருணகிரி இளக்காரமாக.

"எனக்குடா!" அப்பாசாமியின் குரல் கோபுரம்வரை கேட்டிருக்கும். "எனக்குச் சக்கரை. டாக்டர் பச்சைக் காய் தின்னச் சொன்னாரு. வெறுங்காய் தொண்டையில எறங்கல. எம் மருமக எறங்க வச்சா. போதுமா?"

இரண்டு வருடமாக மகனிடம்கூடச் சொல்லாதது அது.

"நோயாளிக்கா காப்பு?" அருணகிரி விடவில்லை.

"நோவு ஒடம்புக்கு. ஒழுக்கத்துக்கு இல்ல" என்றார் அப்பாசாமி.

பூசாரி தட்டை முகர்ந்தார். ஒரு துண்டு மென்றார். "புளிக்கொழம்புல வெல்லம் போட்டாப்பல இருக்குதே" என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, மஞ்சள் கயிற்றைப் பிரித்தார்.

காப்புக் கட்டிய கையில் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாசாமி நடுத்தெருவிலேயே வீட்டுக்கு நடந்தார். பின்னால் வந்த மருமகளைப் பக்கத்தில் வரச் சொன்னார். அருணகிரி வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் நின்று, பாட்டிலின் திராட்சைப் படத்தைத் துண்டால் பளபளவென்று துடைத்தார்.