காக்க வைத்து வரும் வேகம்

அந்த வண்டி வந்த அன்று ராஜாத்தி கொட்டகையிலிருந்த நெல் மூட்டைகளை வீட்டுக் கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வேறு இடமில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சமிடும், வெயிலில் நிறுத்தினால் வர்ணம் வெளுக்கும் என்றார் நாகநாதன். கட்டிய பெண்டாட்டி வருஷக்கணக்காக வெயிலில் நின்று கறுத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வலங்கைமான் பக்கத்தில் அப்படியொரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. மழைமேகத்தின் நிறம். இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் உடம்பு. பெங்களூரில் ஒருவர் மின்சாரக் காருக்கு மாறியபோது விற்றது. உள்ளே ஐந்நூறு குதிரைகள் இருக்கின்றன என்றும், அத்தனையும் பின் சக்கரம் இரண்டை மட்டுமே தள்ளும் என்றும் நாகநாதன் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஊரே வந்து பார்த்தது. பார்த்ததோடு சரி, அது ஓடி யாரும் பார்க்கவில்லை.

தினமும் காலையில் நாகநாதன் அதை மெல்ல வெளியே எடுப்பார். வாய்க்கால் மதகுவரை ஆமை நடையில் போவார். அங்கே திருப்பிக்கொண்டு வந்து, கொட்டகைக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்துவார். அந்த ரிவர்ஸ் மட்டும் பார்க்கக் கண் கோடி வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்கூட இருக்காது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வண்டி உள்ளே போய்விடும்.

"ஏக்கா, ஒங்க வீட்டுத் தேரு நெலையவிட்டே கெளம்பாதா?" என்று எதிர்வீட்டுச் செவ்வந்தி கேட்பாள்.

"வடம் பிடிக்க ஆள் வரலடி," என்பாள் ராஜாத்தி.

சிரிப்பாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அந்த வண்டியைக் கண்டால் ஆகாது. மறைக்க என்ன இருக்கிறது, அது பொறாமைதான். கல்யாணமாகி, மகன் பரணிதரன் கைக்குழந்தையாக இருக்கும்போது ஷார்ஜாவுக்குப் போனவர் நாகநாதன். அங்கே பணக்காரர்களின் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. செல்போன் வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவார். பேச்சு நடுவில், "இரு, இதக் கேளு" என்று போனைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு எஞ்சின் பக்கத்தில் வைப்பார். வரப்பில் நின்றுகொண்டு ராஜாத்தி கேட்பாள். முதலில் ஒரு உறுமல். அதற்கு மேலே மெலிதாக ஒரு விசில் ஏறும். பிறகு பெருமூச்சு விட்டதுபோல அடங்கும்.

"இன்னிக்கி ஒண்ண பாலைவன ரோட்டுல ஓட்டுனேன் ராஜாத்தி. மிதிச்சா மொதல்ல ஒண்ணுமே நடக்காது. நம்மள மறந்துடுச்சோன்னு இருக்கும். அப்பறம் யாரோ முதுகுல கைய வெச்சு, வா போகலாம்னு தள்ளற மாதிரி ஒரு தள்ளு. மணல் மேடு ரெண்டு பக்கமும் தண்ணி மாதிரி ஓடும்."

சொல்லிவிட்டு, "பயிர் எப்புடி இருக்கு?" என்று கேட்பார்.

"நல்லாருக்குங்க," என்பாள் அவள். பல சமயம் அப்போது அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பாள், கதிர் வந்த பயிர் காலடியில் அழுகிக் கிடக்கும். வேலைக்கு ஆள் கிடைக்காத வருஷத்தில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சேற்றில் பின்சக்கரம் புதைந்தால் எவ்வளவு மிதிக்க வேண்டும், எப்போது காலை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பிலேயே ஊறிவிட்டது. படுக்கும்போது சில நாள் அந்த மணல் மேடுகள் கண்ணுக்குள் ஓடும். அவருக்குப் பக்கத்து இருக்கையில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

இந்த வருஷம்தான் அவர் வேலையை விட்டு ஊர் திரும்பி, சேர்த்த பணத்தில் அந்த வண்டியை வாங்கினார். இப்போது அவருக்கு அறுபது முடிந்தது. புரட்டாசியில் திருக்கடையூரில் மறு கல்யாணம் என்று ஏற்பாடு. ஓசூரில் மின்சார வண்டி செய்யும் கம்பெனியில் இருக்கும் பரணிதரன் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். வந்தவன் கொட்டகைக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அம்மா, இந்த வண்டிக்கு இனிமே வாழ்வு இல்லம்மா. செஞ்ச கம்பெனியே இந்த எஞ்சின நிறுத்திடுச்சு. பார்ட்ஸ் கெடைக்காது. இனி வர்றதெல்லாம் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு மோட்டார் வெச்சு, நாலு சக்கரமும் இழுக்கும். பின்னாடி மட்டும் தள்ளற இவ்வளவு வேக வண்டிய இனிமே எவனாவது செய்வானாங்கறதே சந்தேகம்."

"அதுக்கு என்ன பண்ணணுங்கற?"

"எஞ்சின எடுத்துட்டு மோட்டாரும் பேட்டரியும் வெச்சுத் தர்றேன். அப்பாவுக்கு என்னோட பரிசா இருக்கட்டும். இதுல டர்போன்னு ஒண்ணு இருக்கு. புகை போற வேகத்துல ஒரு சின்னச் சக்கரம் சுத்தி, காத்த அமுக்கி எஞ்சினுக்குக் குடுக்கணும். அது சுத்தி எழும்பற வரைக்கும் தேமேன்னு காத்திருக்கணும். மோட்டார்ல அந்தக் காத்திருப்பே கெடையாது. மிதிச்ச ஒடனே வந்துடும்."

நாகநாதன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே, "ஒங்கம்மா என்ன சொல்றாளோ அதான்" என்றார். கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஓசூரிலிருந்து லாரி வரும். அதற்குள் அம்மா பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ராஜாத்திக்கு யோசிக்க ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டு போ என்று அப்போதே சொல்லியிருப்பாள். துடைத்துக்கொண்டிருந்த அந்தக் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்துவிட்டதால் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் உறவுக்காரர்கள் எல்லாரும் வேனில் ஏறினார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் அந்த இரண்டு இருக்கை வண்டியில். ராஜாத்தி பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஏறவில்லை, இறங்கினாள், அவ்வளவு பள்ளம். அவள் கண்ணுக்கு நேரே வயல் மட்டம் வந்தது. புதிதாக நட்ட சம்பா நாற்றின் மேல் பனி நின்றது. கொக்குகள் அவளை எட்டிப் பார்த்தன.

நல்ல கூத்துதான் போங்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் வயிறு தட்டும் என்று கல்யாணப்பெண் இறங்கி நடந்தாள். வேன் முந்திப் போயிற்று. டவுன் பஸ் முந்திப் போயிற்று. ஆடுதுறை தாண்டியதும் பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்து, பொறுமை இழந்து முந்திப் போயிற்று. நாகநாதன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நாற்பதுக்கு மேல் போகவில்லை. நெற்றியில் வியர்வை. ராஜாத்தி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஐந்நூறு குதிரையும் நின்றுகொண்டே தூங்கின.

திருக்கடையூரில் எல்லாம் முறையாக நடந்தது. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். மகனும் உறவும் சுற்றி நிற்க, அவர் மறுபடி தாலி கட்டினார். ஈரக் கூந்தலோடு குனிந்திருந்த ராஜாத்திக்கு, இந்த மனிதரோடு சேர்ந்தாற்போல ஒரு வருஷம்கூட வாழ்ந்ததில்லையே என்ற நினைப்பு வந்தது. ஹோமப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. வேன் முன்னால் போய்விட்டது. பரணிதரனும் தன் வண்டியில் போய்விட்டான். கும்பகோணத்துக்குள் நெரிசல் என்று நாகநாதன் ஊருக்கு வெளியே போட்டிருக்கும் புது நாலு வழிச் சாலையைப் பிடித்தார். சாலையின் ஒரு பாதியில் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். பெண்கள் காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டு போனார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டால் கதை கந்தல் அல்லவா. மேற்கே ஒரு மேகம் எழுந்து, வெளிச்சமெல்லாம் மஞ்சள் கரைத்ததுபோல ஆயிற்று. நெல் எது, ரோடு எது, ஆகாயம் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே பொன்னாகக் கிடந்தது.

நெல் முடிந்தது. ஆட்களும் முடிந்தார்கள். அதற்கப்புறம் கண்ணுக்கெட்டியவரை வெறும் சாலை.

"நிறுத்துங்க," என்றாள் ராஜாத்தி.

"என்ன, வேகத்தடையா?"

"மாறி ஒக்காருங்க. நான் கொஞ்சம் ஓட்டுறேன்."

நாகநாதன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் சுற்றி வந்தார். ராஜாத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதியில் வைத்தாள். டிராக்டரிலும் அவள் அப்படித்தான். பிரேக் எங்கே, கிளட்ச் எங்கே என்று கால்கள் தாமாகத் தேடிப் பார்த்துக்கொண்டன. நாலைந்து தடவை குலுக்கி எடுத்தபின் வண்டி அவள் பேச்சுக்கு வந்தது. மூன்றாவது கியரில் போட்டாள். மிதித்தாள்.

ஒன்றுமே நடக்கவில்லை.

வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த இடம் அவளுக்குத் தெரியும். காலை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காமல், நம்மை மறந்துவிட்டார்களோ என்று இருக்கும் இடம். இதில்தானே அவள் வயசெல்லாம் போயிற்று. அவள் காலை எடுக்கவில்லை.

பின்னால் எங்கோ அந்த விசில் ஏறியது. வரப்பில் நின்று கேட்ட அதே விசில். அது ஏறி ஏறி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போனபோது, யாரோ முதுகில் கை வைத்து, வா போகலாம் என்றார்கள். இருக்கை அவளை அணைத்துக்கொண்டது. நாற்று வயல் இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீராக ஓடிற்று. மணல் மேடுகளும் அதில் கலந்து ஓடின. அவள் ஷார்ஜாவிலும் இருந்தாள், வலங்கைமானிலும் இருந்தாள், நடுவில் கடலே இல்லை. எங்கோ சிந்தியிருந்த நெல்லில் பின்சக்கரம் ஏறி, வண்டியின் இடுப்பு ஒரு பக்கமாக ஒசிந்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. சேற்றில் செய்வதுபோலக் காலை மெதுவாகத் தளர்த்தினாள். வண்டி தானாக நேராயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

பக்கத்தில் நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஈரம்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான்," என்றார்.

ராஜாத்தி வேகத்தைக் குறைத்தாள். "யாரு?"

"அங்க ஒரு மலையாளத்துப் பையன். பழுது பாத்த வண்டிய ரோட்டுல ஓட்டிப் பாக்கறது அவன் வேல. எனக்கு ரோட்டுல எடுக்க அனுமதி கெடையாது. தொடைக்கிறது, எஞ்சின ஓட விட்டு சூடு பண்றது, ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுத்து நிறுத்துறது, அவ்வளவுதான். அவன் வந்து எப்புடி இருந்துச்சுன்னு சொல்லுவான். அதக் கேட்டுக்கிட்டு ஒங்கிட்ட சொல்லுவேன்."

மதகுவரை போய்த் திரும்பிய காலைகளெல்லாம் இப்போது அவளுக்குப் புரிந்தன.

"சொந்தமா வாங்குன பிறகும் ஏங்க ஓட்டல?"

"பயம். அவன் சொன்ன மாதிரி இல்லாமப் போயிட்டா? அந்தப் பேச்ச வெச்சுத்தானே ராஜாத்தி அத்தன வருசமும் ஓட்டுனேன்."

சாலையோரம் ஒரு நீர்க்கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு நடந்தது. ராஜாத்தி அது போகும்வரை மெதுவாகப் போனாள்.

"நானும்தான் பயிர் நல்லாருக்குன்னு சொன்னேன்," என்றாள். "பாதி வருசம் நல்லால்லங்க."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ பேசிக்கிட்டே நடப்ப. தண்ணி சத்தம் கேக்கும். முழங்கால் தண்ணியில நடக்கற சத்தம் எனக்குத் தெரியாதா?"

மேகம் பெய்யாமல் கலைந்துபோயிற்று. ராஜாத்தி ஊர்வரை ஓட்டினாள். வேகத்தடை வந்தபோதெல்லாம் இந்தத் தடவை மாப்பிள்ளை இறங்கி நடந்தார்.

வீட்டு வாசலில் பரணிதரன் காத்திருந்தான். ஓட்டுகிற இடத்தில் அம்மாவைப் பார்த்ததும் வண்டிப் பக்கம் ஓடி வந்தான். செவ்வந்தி வாயில் விரலை வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள்.

"என்னம்மா, லாரிய வரச் சொல்லவா?"

"வேணாம் தம்பி."

"பார்ட்ஸ் கெடைக்காதும்மா. எத்தன நாளைக்கு ஓடும்னு யாருக்கும் தெரியாது."

"எங்களுக்கும் அதேதான். ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"மோட்டார் போட்டா மிதிச்ச ஒடனே வரும்னு சொன்னேனேம்மா."

"அது நல்லதுதான். ஒங்க வயசுக்கு அது வேணும். இது காக்க வெச்சுத்தான் வருது. ஆனா வருது தம்பி."

பிறகு இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, சாவியை நாகநாதன் கையில் வைத்தாள்.

"ரிவர்ஸ் நீங்க எடுங்க," என்றாள். "அது ஒங்களுக்குத்தான் வரும்."