கிளிக் காவலுக்குப் போன வாய்ப்பாடு

பாடங்களைப் பதிந்து கேட்க எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த கசற் றெக்கோடர் இரண்டு வருடமாக அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. "பிள்ளையள் உடைச்சுப் போடுவினம், விமலேஸ்வரி ரீச்சர்," என்பார் பள்ளிக்கூட அதிபர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாசியில் நெல் முற்றியதும் ஐந்தாம் வகுப்பு ராக்காயி வருவதை நிறுத்திவிட்டாள். வயலுக்கே தேடிப் போனேன்.

"கிளி வெரட்டணும் டீச்சர். நான் வேலையப் பாக்குறதா, கத்திக்கிட்டு நிக்கிறதா?" என்றார் அவளுடைய அப்பா ஆண்டியப்பன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர், பள்ளிக்கூடமே போகாதவர்.

"சத்தம்தானே வேணும்? நான் தாறன்," என்றேன்.

அடுத்த நாள் அதிபரோடு சண்டை பிடித்து றெக்கோடரை வெளியே எடுத்தேன். கரும்பலகையில் வாய்ப்பாடுகளை எழுதி, முழு வகுப்பையும் தொண்டை கிழியக் கத்தவிட்டுப் பதிந்தேன். புதுப் பற்றரி போட்டு வயல் கொட்டிலில் வைத்து முடுக்கியதும் கிளிகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. மறுநாள் ராக்காயி வகுப்பில் இருந்தாள்.

அறுவடை முடிந்து ஆண்டியப்பன் றெக்கோடரைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதிபரும் பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், பதிமூணாம் வாய்ப்பாட்டுல ஒரு எடம் தப்பு. ஏழு பதிமூணு எண்பத்தொண்ணுன்னு புள்ளைங்க கத்துதுங்க. நெல்ல அடுக்கி எண்ணிப் பாத்தேன். தொண்ணூத்தொண்ணு வருது."

பிள்ளைகள் சரியாகத்தான் வாசித்திருந்தார்கள். கரும்பலகையில் பிழையாக எழுதியது நான்.

அதிபர் சட்டைப் பையிலிருந்து அலுமாரிப் பூட்டின் திறப்பை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, ஆண்டியப்பன் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.