பியோனி மொட்டும் மூடிய ஜன்னலும்

செடிகள் வளர்க்கும் கண்ணாடிக்கொட்டகையில் மாட்டியிருந்த மீட்டருக்கு இரண்டு முட்கள். கறுப்பு முள் காற்றில் இப்போது எவ்வளவு ஈரம் என்று காட்டும். சிவப்பு முள் ராத்திரியிலிருந்து ஈரம் எதுவரை ஏறியதோ அங்கேயே அடம்பிடித்து நின்றுவிடும். கறுப்பு முள் சமர்த்தாக நடுவில் இருந்தது. சிவப்பு முள் இன்றைக்கும் உச்சியில்.

ஜன்னல்கள் அவள் திறந்து வைத்தது வைத்தபடியே இருந்தன. ஆனால் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது.

மூலையிலிருந்த பியோனிப் பூச்செடித் தொட்டியிடம் போனாள். அவளே இரண்டு செடிகளுக்கு மகரந்தம் மாற்றித் தடவி, விதையெடுத்து, முளைக்க வைத்தது. வருஷக்கணக்கில் இலையை மட்டும் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தது. என்ன நிறத்தில் பூக்கும் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. போன வருஷம் வந்த முதல் மொட்டு மழையில் அழுகி உதிர்ந்தது. அந்தப் பயத்தில்தான் இந்த முறை மொட்டு தெரிந்ததுமே உள்ளே தூக்கி வைத்தாள். இப்போது மொட்டுக்குக் கீழே ஒரு இலையில் சாம்பல் பூசணம். கிள்ளி எறிந்தாள். மொட்டுக்கு ஏற இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி.

நர்சரிக்கு வருகிறவர்களிடம் அவளே ஒப்பிக்கிற பாடம் இது. "குளிருக்குப் பயப்படாதீங்க. பனியில மேல இருக்கிறதெல்லாம் காஞ்சு போனாலும் கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். அந்தக் குளிர் கிடைக்கலேன்னாதான் பூக்காது. இதுக்கு ஆகாதது புழுக்கம். காத்து ஓடிக்கிட்டே இருக்கணும்."

யாரோ ராத்திரியில் ஜன்னல்களைச் சாத்தித் திறக்கிறார்கள். சந்தேகம் கணவன் மேல்தான். திறந்த ஜன்னலைக் கண்டால் கை நமநமக்கும் மனுஷன்.

"ஏங்க, ராத்திரி எழுந்து போய் கொட்டகை ஜன்னலைச் சாத்துறீங்களா?"

உரமூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "என் குறட்டையால ராத்திரி பூரா தூக்கமில்லேன்னு பஞ்சாயத்து வைக்கிறவ நீதானே? குறட்டையைக் கட்டில்ல விட்டுட்டு நான் மட்டும் போய்ச் சாத்தினேனா?"

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவள் பின்பக்கமாகப் போனாள். ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஒரு உருவம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாத்தனார்.

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... இல்ல, அழலை."

அவள் சட்டென்று பின்வாங்கினாள். திருட வந்தவள் போல் அடிமேல் அடி வைத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு குளிர்காலத் தொடக்கத்தில் வந்தவள் நாத்தனார். நாற்பது வயதாகியும் அண்ணனுக்குப் பாப்பாதான். "அவன் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று அண்ணன் ஒரே போடாகப் போட்டிருந்தான். அவளுக்குப் படுக்கை முன்னறையில். அதுதான் கடை, அதுதான் நடைவழி, அதுதான் எல்லாரும் சாப்பிடுகிற இடம். போன் மணி அடித்தால் "யாரு பாப்பா?" என்று மூன்று அறைக்கும் கேட்கிற மாதிரி கத்துவான். புருஷனோடு பேச அவளுக்கு ஒரு மூலை வேண்டாமா? சத்தம் வெளியே போகாமல் சாத்திக்கொண்டு, பேசி முடித்ததும் ஜன்னல்களை ஒரு அங்குலம் பிசகாமல் பழையபடி திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜன்னலைச் சாத்தாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையே நிறுத்திவிடுவாள். கூடவே பேச்சும் நின்றுவிடும். அண்ணி காதில் விழுந்துவிட்டது என்ற கூச்சம் வேறு. கல்யாணமான புதிதில், தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றுகிற சாக்கில் தானும் இங்கே வந்து நின்றது அவளுக்கு நினைவு வந்தது. அழவெல்லாம் இல்லை. யாருக்கும் யாராகவும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான். அப்போது யாரும் வந்து ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

மொட்டு நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருந்தது. இப்போது பார்க்காவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்தை யார் கண்டார்?

காலைச் சாப்பாடு முடிந்ததும் கணவன் திருப்புளியோடு கொட்டகைக்கு வந்தான். "ஜன்னல் கதவையே கழட்டிடறேன். யாரு சாத்துறாங்கன்னு பார்ப்போம்."

"வேணாங்க."

"பூசணம் புடிக்குதுன்னு புலம்பினியே!"

அவள் தொட்டியை இடுப்போடு அணைத்துத் தூக்கினாள். வெளியே கொண்டுபோய், சுவரோரம் காற்று ஓடுகிற இடத்தில் இறக்கினாள்.

"நேத்துவரைக்கும் பச்சைக்குழந்தை மாதிரி பொத்தி வச்சிருந்தே?"

"குளிர் இதை ஒண்ணும் பண்ணாது."

"மழை வந்தா?"

"வந்தா பார்த்துக்கலாம்." குரல் அவ்வளவு திடமாக வரவில்லை. "கையோட கொட்டகைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க. உள்பக்கமா."

"எதுக்கு?"

"பூனை வருது."

"பூனைக்கு உள்பக்கம் தாழ்ப்பாளா? உள்ள வந்து அதுவே போட்டுக்குமா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கொட்டகையைப் பார்த்தான், கவிழ்ந்திருந்த வாளியைப் பார்த்தான். சமையலறையில் தங்கை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் திருப்புளியால் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தவன், தாழ்ப்பாள் தேடப் போனான்.

அடுத்த வாரம் ஒரு விடியலில் மொட்டு அவிழ்ந்தது. ஆடை கட்டிய பாலின் நிறம். இதழ்களின் அடியில் மட்டும் கருஞ்சிவப்பு, உள்ளே யாரோ விளக்கேற்றியது போல. யாரையாவது உடனே கூப்பிட்டுக் காட்ட வேண்டும். கொட்டகைக் கதவருகே ஓடினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டக் கை ஓங்கினாள்.

உள்ளே நாத்தனார் சிரித்தாள். வந்ததிலிருந்து இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. "போதும், விடுங்க... நீங்களும் உங்க சமையலும்!"

ஓங்கிய கை இறங்கியது. அப்போதுதான் முதல் தூறல் அவள் நெற்றியில் விழுந்தது.

கதவைத் தட்டாமல் தொட்டியை உள்ளே கொண்டுபோக முடியாது. வீட்டுக்குள் ஓடிக் குடையை எடுத்துவந்து பூவுக்குப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பல்குச்சியும் வாயுமாக வந்த கணவன் அப்படியே நின்றான். கேள்வி ஒன்று கிளம்புவது முகத்தில் தெரிந்தது. அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

அவன் கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பி ஒரு கணம் காதுகொடுத்தான். பிறகு சத்தமில்லாமல் வந்து அவள் கையிலிருந்து குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல நிறம்" என்றான், வாய்க்குள்ளேயே.