கடைசி நாற்பது பக்கம்

பந்தல்காரன் கடைசி நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது கருப்பணன் தெருமுனை வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தான். கையில் மஞ்சள் பை, பைக்குள் தங்கச்சிக்குப் போட வேண்டிய கோடிச்சேலை. வந்தவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

செத்துப்போன புருசன் சங்கையாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இருளம்மாள் வாசல் வழியாக அண்ணனைப் பார்த்தாள். காலையில் பல்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு நின்ற சங்கையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்; ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மணி இரண்டு. நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பாடையும் கட்டியாயிற்று. பிறந்த வீட்டுக் கோடி மட்டும் விழவில்லை. அது விழாமல் பொணத்தைத் தூக்க முடியாது.

கொழுந்தன் பாலகுரு மரத்தடிக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"வர மாட்டேங்காரு மதினி."

"என்னவாம்?"

"பொணத்துக்கு முன்னாடி வச்சு யாராச்சும் சொல்லணுமாம். அந்தப் புத்தகத்தை அவரு கிழிக்கலைன்னு. சொன்னாத்தான் கோடி விழும்னு நிக்காரு."

"நீ சொல்ல வேண்டியதுதான? வாயி வலிக்குமா?"

"நான் சொல்லிட்டேன். 'நீ சொன்னா யாரு நம்புவா, அப்பக் கிழிச்சது யாரு, அதையும் சேத்துச் சொல்லு'ங்காரு. நான் யாரைச் சொல்லுவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, "கிழிச்சவன் அவன்தான், இதுல சாட்சி வேற கேக்கானாக்கும்" என்றாள். கிழித்தது யாரென்று உயிரோடு இருப்பவர்களில் இருளம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எட்டு வருசத்துக்கு முந்திய சங்கதி அது. திருத்தங்கலில் ஒரு வெடிக் கம்பெனிக்கு லாரி லாரியாகப் பழைய பேப்பர் வந்து இறங்கும். பரீட்சைத்தாள், டைரி, விலைபோகாத புத்தகம் எல்லாம் வரும். வெடிக்குக் குழாய் சுற்ற எந்தத் தாளானால் என்ன. சங்கையா அங்கே பேப்பர் வெட்டுகிற ஆள். ஒருநாள் கத்தியில் கொடுக்கப் போன கட்டிலிருந்து அட்டை போன ஒரு தடித்த நாவலை உருவி எடுத்துக்கொண்டான். நார்வே என்கிற நாட்டுக்காரன் யாரோ எழுதியது. யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் அதைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான்.

வடகோடியில் ஒரு கடற்கரை ஊர். பனிக்காலத்தில் இரண்டு மாசம் சூரியனே வராது. பனிக்குள் படகு ஓட்டி மீன் பிடித்து, மரச்சட்டத்தில் தொங்கவிட்டுக் காயவைத்துப் பிழைக்கிற சனம். படகுத்துறையும் மீன் அடைக்கிற கிட்டங்கியும் ஒரே ஒரு முதலாளிக்குச் சொந்தம். குழாய் சுற்றுகிற பெண்கள் நாற்பது பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். "நமக்கு வெயிலு, அவுகளுக்குப் பனி, வேற என்ன வித்தியாசம்?" என்பாள் மூக்கம்மாள். கதை முக்கால்வாசி வந்தபோது படகு ஒன்று புயலுக்குள் போய்விட்டது. ஊர்ப் பெண்களெல்லாம் கரையில் வந்து நின்றார்கள்.

அந்த இடத்தில்தான் வில்லங்கம் வந்தது. ஷெட்டுக்கு மேஸ்திரி கருப்பணன். தீபாவளி சீசன், லோடு நிற்கிறது, இங்கே கதாகாலட்சேபம் நடந்தால் எந்த மேஸ்திரி பொறுப்பான்? புத்தகத்தைப் பிடுங்கி ஒரு பகல் முழுக்கத் தன் மேசையில் வைத்திருந்துவிட்டு, சாயங்காலம் அதே ஷெட்டில் குழாய் சுற்றுகிற தங்கச்சியிடம் கொடுத்தனுப்பினான். மறுநாள் காலையில் சங்கையா விரித்துப் பார்த்தால் பின்னால் நாற்பது பக்கத்தைக் காணோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுசன். நேரே ஷெட்டுக்குப் போய் மச்சானைச் செருப்பால் அடித்தான்.

அன்றோடு போயிற்று பேச்சுவார்த்தை. சங்கையா வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டான். கருப்பணனைத்தான் ஊர் விடவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், கோயில் வரி வசூலில் எவனாவது ஒருத்தன், "நீரு கிழிச்ச பக்கத்துல என்ன இருந்துச்சு மேஸ்திரி, படகு வந்துச்சா?" என்பான். எட்டு வருசமாக அவன் காதில் விழுந்த கேள்வி அது ஒன்றுதான்.

அந்தச் சாயங்காலம் நடந்தது இதுதான். ராத்திரி வீட்டில் வைத்துக் குழாய் சுற்றுவதற்குப் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. இருளம்மாள் இரண்டு தடவை சொல்லியும் சங்கையா போய் வாங்கி வரவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படுத்துவிட்டான். அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. புத்தகம் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அவன் நடுவில்தானே வாசித்துக்கொண்டிருக்கிறான், கடைசியில் இருப்பது தினத்தாளில் கடைசிப் பக்கம் மாதிரி விளம்பரமோ என்னமோ என்று நினைத்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கு எல்லாத் தாளும் தாள்தான். பின்னாலிருந்து ஒரு கொத்தைக் கிழித்து, பசையைத் தடவி, விடிவதற்குள் சுற்றிப் போட்டுவிட்டாள். மறுநாள் அண்ணன் கன்னத்தில் செருப்பு விழுந்தபோது பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல நாக்கு எழவில்லை. அப்புறம் சொல்லவே முடியாமல் போயிற்று.

"அம்மா, அப்பா புத்தகத்தை அவரு கூடவே வச்சிருவமா?" என்று மகள் எழில் உள்ளேயிருந்து வந்தாள். தகரப் பெட்டியிலிருந்து எடுத்த புத்தகம், பிளாஸ்டிக் உறையில் சுற்றியபடி இருந்தது. உறையைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒன்று நழுவி இருளம்மாள் மடியில் விழுந்தது.

சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிக்குழாய். மருந்து ஏறாத வெறும் குழாய். சுற்றிலும் அந்தப் புத்தகத்தில் இருக்கிற அதே பொடி எழுத்து.

இருளம்மாள் நொட்டாங்கைக்காரி, அவளுக்கு எல்லாம் இடது கைதான். ஆயிரம் குழாய்க்குள் கிடந்தாலும் அவள் சுற்றியதைப் பிரித்து எடுத்துவிடலாம். அடி மடித்த முனையைக் கீழே வைத்துப் பார்த்தால் ஒட்டின ஓரம் எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். இதுவும் அப்படித்தான் திரும்பியிருந்தது.

அப்படியானால் இந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. அடித்த அன்றைக்கா, மறுநாளா, என்றைக்கோ ஒருநாள் அவள் சுற்றி அடுக்கிய தட்டிலிருந்து இதை எடுத்துப் பார்த்திருக்கிறான். மச்சானிடம் போய்த் தப்பாகிப் போச்சு என்று சொல்லத் தலை குனியவில்லை. பெண்டாட்டியிடமும் ஏன்டி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரமாக ஒளித்து வைத்துக்கொண்டு, எட்டு வருசம் அவள் ஆக்கிப் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான். அவளைக் காப்பாற்றினானா, தன் வீம்பைக் காப்பாற்றினானா? காசு ஒட்டிய அந்த நெற்றியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது.

எழுந்தாள். "எங்கடி போற, தலைமாட்டை விட்டு?" என்று மூக்கம்மாள் சேலையைப் பிடித்தாள். உதறிவிட்டு, அவிழ்ந்த தலையோடு தெருவில் இறங்கி நடந்தாள். கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"அறிவிருக்கா ஒனக்கு? பொணத்தைப் போட்டுட்டு வார? உள்ள போ" என்றான் கருப்பணன்.

"நீ வரல. அதான் நான் வந்தேன்" என்று குழாயை நீட்டினாள்.

முப்பது வருச மேஸ்திரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடி முனையை உள்ளங்கையில் ஊன்றி, கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினான். எழுத்தைப் பார்த்தான். அப்புறம் அவளுடைய இடது கையைப் பார்த்தான்.

"எங்கன கிடந்துச்சு?"

"அவுக பெட்டியில. புத்தகத்துக்குள்ள."

"அப்ப அவனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நாப்பது பேரு பாக்கச் செருப்பால அடிச்சான். நீ அங்கனதான உக்காந்து சுத்திக்கிட்டிருந்த."

"ஆமாண்ணே."

"எம் மகளைப் பொண்ணு கேட்டு வந்தவன்கூடச் சிரிச்சுக்கிட்டே படகு வந்துச்சான்னு கேட்டுட்டுப் போனான், தெரியுமா ஒனக்கு?"

அதற்கும் "ஆமா" என்றுதான் சொன்னாள். அவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நட. அங்கன வந்து சொல்லு" என்றான்.

பந்தலுக்குள் வந்து, சங்கையாவின் கால்மாட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"புத்தகத்தைக் கிழிச்சது எங்கண்ணன் இல்ல. நான்தான். குழா சுத்தத் தாளு இல்லாமக் கிழிச்சேன்."

எழில் அம்மாவை யாரோ மாதிரிப் பார்த்தாள். மூக்கம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"அடிப் பாவி. அப்ப அந்தப் படகு?"

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் கிழிக்கேன்" என்றாள் இருளம்மாள்.

கருப்பணன் பையிலிருந்து சேலையை எடுத்து உதறி அவள் தோளைச் சுற்றிப் போட்டான். புதுச்சேலையின் கஞ்சி வாடை அடித்தது. போடும்போது அவன் விரல் அவள்மேல் படவில்லை. அப்புறம் குனிந்து சங்கையாவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தான்.

"கூடப் பிறந்த கடனுக்குக் கோடி போட்டுட்டேன். இனிமே எங்க வீட்டு வாசப்படியை மிதிச்சிராத" என்றான். குழாயை அவள் இடது கையில் திணித்தான். மயானத்துக்கு எல்லோரும் கிழக்கே போக வேண்டும். அவன் மேற்கே நடந்தான்.

பாடையைத் தூக்கினார்கள். பாலகுரு முன்னால் வேட்டுப் போட்டுக்கொண்டு போக, வெடித்த தாள் தெரு நெடுகச் சிதறிக் கிடந்தது. பாடை தெருமுனை திரும்பியதும் மூக்கம்மாளும் இன்னும் இரண்டு பேரும் இருளம்மாளைத் தண்ணீர்க் குழாயடியில் உட்காரவைத்து வளையலை உடைக்க வந்தார்கள்.

அவள் வலது கையை நீட்டினாள். உடைத்தார்கள்.

"அந்தக் கையையும் குடு" என்றாள் மூக்கம்மாள். இருளம்மாள் கொடுக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து பிடித்து இழுத்து வளையலை உடைத்தார்கள். வெடிக்குழாயை மூடியிருந்த விரலை மட்டும் அவர்களால் பிரிக்க முடியவில்லை.