இறுக்கம் குறைந்த மருமகள்

வில்லாபுரத்தில் பாதி வீடுகளைக் கட்டியவர் மேஸ்திரி பேயாண்டி. அதனால் உலகத்தில் உள்ள எதுவும் நாளாக நாளாக இறுகத்தான் வேண்டும் என்பது அவர் தீர்மானம். தன் கர்ப்பப்பை வாயும் அதில் அடக்கம் என்பது மருமகள் முனீஸ்வரிக்கு ஐந்தாம் மாதத்தில்தான் தெரிந்தது.

அவளும் சும்மா இருந்திருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்த்திகா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். எந்தக் குறையும் இல்லாத கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாய் மாதாமாதம் எப்படி இளகுகிறது என்று ஸ்கேன் வைத்து அளப்பது. "நல்லா இருக்கிறவங்களுக்கு எப்படி இளகுதுன்னு தெரிஞ்சாத்தானம்மா, கொறப்பிரசவம் ஆகப்போறவங்கள முன்னாடியே கண்டுபிடிக்க முடியும்?" என்றார். நல்லா இருப்பவள் என்று கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அவளைச் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே ஒத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் வந்த அளவை வீட்டில் சொன்னாள். இறுக்கம் போன மாதத்தைவிடக் குறைவு. அடுத்த மாதம் அதைவிடக் குறைவு. பேயாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

"கான்கிரீட்டக் கட்டியா வார்த்து, மிசின்ல அமுக்கிப் பாப்போம்த்தா. நாளாக நாளாக அளவு ஏறணும். எறங்குச்சுன்னா இஞ்சினியரு இடிக்கச் சொல்லிருவாரு."

"அது கான்கிரீட்டு மாமா."

"எதுவா இருந்தா என்ன? பாரம் தாங்கணும்ல?"

"இறுகிக்கிட்டே போனா பிள்ளை எப்புடி வெளிய வரும்?"

"அதுக்குத்தான் ஆப்பரேசன் இருக்குல்ல," என்றார் பேயாண்டி, நொடிகூட யோசிக்காமல்.

புருஷன் செல்வக்குமார் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா இல்லாத இடத்திலும் அவன் பெரிதாக எதுவும் பேசியதில்லை என்பது வேறு விஷயம். காளவாசல் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் விசாரித்தார்கள். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு இறுக்கிவிடலாம் என்று அங்கிருந்த டாக்டர் தாராள மனதோடு சொன்னார். ஸ்கேன் பண்ணிப் பார்க்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

முனீஸ்வரி ஆர்த்திகாவுக்குப் போன் போட்டாள். "கர்ப்பப்பை வாயோட நீளம் குறையலம்மா. அது குறைஞ்சாத்தான் பயப்படணும். இளகுறது எல்லாருக்கும் உள்ளதுதான். உங்களுக்குத் தையல் வேண்டாம்" என்றார் அவர். அதை அப்படியே வீட்டில் சொன்னாள். "ஆராய்ச்சி பண்றவுக வேற எப்புடிச் சொல்லுவாக?" என்று பேயாண்டி ஒரே போடாகப் போட்டார்.

மறுநாள் காலை அவளை நர்சிங் ஹோம் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் சம்மதக் கையெழுத்து வாங்க வந்தாள். பேனாவை நேராகப் பேயாண்டியிடம் நீட்டினாள். படுத்திருந்த பொம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முனீஸ்வரிக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஒருவேளை இவர்கள் சொல்வதே சரியாகிவிட்டால், பிள்ளையும் போய், பழியும் தன் தலையில்தான் விழும். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. எழுந்து, சேலையைச் சரிசெய்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வீட்டுக்குப் போறேன் மாமா. எனக்குத் தையல் வேணாம்."

செல்வக்குமார் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தான். பேயாண்டிக்கு முகம் கறுத்தது.

"இந்தா பாருத்தா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்களக் கேக்கக் கூடாது."

"சரி மாமா. ஒண்ணும் ஆகலைன்னா, ஒங்களக் கேக்கலாமா?"